சிக்னல் அக்கா போடாத கையெழுத்து

பயிற்சியின் முதல் நாள் காலை, வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராக வாசித்துவந்த சிக்னல் அக்காவின் வாய் பதினோராம் வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. வகுப்பில் எல்லோரையும் அவள் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். மூத்தவர் என்றால் அண்ணே, இளையவர் என்றால் தம்பி, ஒரே வயது போலத் தெரிந்தால் மீசையில் நரை எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்வாள். ஆறு வருஷமாக இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் வந்ததில்லை. பதினோராம் வரியில் இருந்தது அவள் புருஷன் பேர். அண்ணே என்றும் சொல்ல முடியாது, தம்பி என்றும் சொல்ல முடியாது. வீட்டில் கூப்பிடுகிற மாதிரி 'ஏங்க' என்றால் மானம் கப்பலேறிவிடும்.

"பதினொண்ணு" என்றாள் கடைசியில்.

"வந்திருக்கேன் டீச்சர்" என்று அவர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். அவள் இவ்வளவு யோசித்தும் பலனில்லை, வகுப்பு கொல்லென்று சிரித்தது.

அந்தப் பயிற்சி மைதானம் ஊர் எல்லையில், சிமென்ட் கிடங்குக்குப் பின்னால் இருக்கிறது. தகரக் கூரை போட்ட ஒரு வகுப்பறை, மேனேஜருக்கு ஓர் அறை, கை கழுவ ஒரு குழாயடி, மிச்சமெல்லாம் வெறும் தரை. அந்தத் தரையில் லாரியோடு சேர்ந்த ஒரு டவர் கிரேன். சாதாரண டவர் கிரேன் ஒரு கட்டடத்துக்கு வந்தால் அது முடியும்வரை அங்கேயே நிற்கும். இது அப்படியில்லை. மடங்கிப் படுத்தபடி சாலையில் ஓடிவரும். நிறுத்தின இடத்தில் நாலு பக்கமும் இரும்புக் கால்களை நீட்டி ஊன்றிக்கொண்டு, கால் மணி நேரத்தில் பத்து மாடி உயரத்துக்கு எழுந்து கையை விரித்துவிடும். காலையில் ஒரு சைட், மத்தியானம் வேறு சைட். இதை ஓட்ட வேண்டுமானால் அட்டை வேண்டும். அட்டை வேண்டுமானால் சிக்னல் அக்காவிடம் மூன்று வாரம் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு 'இவர் தகுதியானவர்' என்று பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

சிக்னல் அக்கா என்ற பேர் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு சைட்டில் தலையில் மணல் சுமந்துகொண்டிருந்த சித்தாள். ஒருநாள் கிரேனுக்குக் கைசாடை காட்டுகிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். மேலே கேபினில் ஆபரேட்டர் தயார், கீழே கம்பிக்கட்டு தயார், நடுவில் சொல்ல ஆளில்லை. "யாருக்காவது சிக்னல் தெரியுமா?" என்று இன்ஜினியர் கத்தினார். மணல் சட்டியை இறக்கி வைத்துவிட்டு "எனக்குத் தெரியும் சார்" என்று இவள் வந்து நின்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "மூணு மாசமா சுமக்கறப்ப பாத்துக்கிட்டேதானே இருக்கேன்" என்றாள். அன்று சாயங்காலம்வரை நாற்பது முறை கம்பி ஏறியது, ஒரு கட்டுகூட எங்கேயும் இடிக்கவில்லை. மறுநாள் காய்ச்சல்காரன் வந்தபோது அவன் வேலை போயிருந்தது.

அன்று மேலே கேபினில் இருந்தவர்தான் இந்தப் பதினொண்ணு. சைட்டில் அவரை எல்லோரும் மேல்வீட்டுக்காரர் என்பார்கள். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாட்டுத் தூக்கு கயிற்றில் மேலே போகும், காலித் தூக்கு கயிற்றில் கீழே வரும். மேலே ஒரு சின்ன ரேடியோ, முதுகுக்கு ஒரு தலையணை, சீப்பு, கண்ணாடி எல்லாம் வைத்துக் குடித்தனமே நடத்தினார். ஒரு மனுஷன் தினமும் பத்து மணி நேரம் ஒரு பெண்ணின் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? கல்யாணம்தான் ஆகும், ஆனது. கல்யாணத்துக்குப் பிறகும் இவள் கீழே, அவர் மேலே என்று மொத்தம் பதினாறு வருஷம். வீட்டில் இவர்கள் சண்டை போட்டால் அக்கம்பக்கத்துக்குச் சத்தமே கேட்காது. அவள் ஒற்றைக் கையை இடமும் வலமும் வீசினால் "போதும், நிறுத்துங்க" என்று அர்த்தம். அவர் இரண்டு விரலை நெற்றியில் வைத்து எடுத்தால் "சரி தாயே" என்று அர்த்தம்.

அவள் சும்மா கை காட்டிக்கொண்டே காலத்தைத் தள்ளுகிற ஆளும் இல்லை. மகள் ஏழாவது படித்த வருஷம், ஒரே மேஜையில் மகள் ஒரு பக்கம் கணக்குப் போட, இவள் இன்னொரு பக்கம் எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு எடை தூக்கலாம் என்ற கிரேன் அட்டவணையைப் போட்டுப் பழகினாள். சந்தேகம் வந்தால் மகளைத்தான் கேட்பாள். மகளும் கொஞ்சம்கூட இரக்கமில்லாமல், "தசமப் புள்ளியை மறுபடியும் தப்பா வெச்சிருக்கம்மா" என்று தலையில் குட்டுவாள். பரீட்சை எழுதினாள், கிரேன் ஓட்டக் கற்றாள், இந்த மைதானத்தில் பயிற்சியாளர் ஆனாள். ஆறு வருஷத்தில் இருநூறு பேருக்கு மேல் அவளிடம் அட்டை வாங்கிப் போயிருக்கிறார்கள்.

அவள் வகுப்பின் முதல் பாடமே ஒரு வசவு மாதிரித்தான் இருக்கும். "இங்க ரெண்டு சாதி ஆளுங்கதான் வருவீங்க. லாரி கிரேன் ஓட்டிட்டு வந்தவங்க மேல பாக்க மாட்டீங்க. டவர் கிரேன்ல இருந்து இறங்கி வந்தவங்க கீழ பாக்க மாட்டீங்க. இந்த மூணு வாரத்துல உங்க கழுத்தைத் திருப்பறதுதான் என் வேலை."

அவள் சொன்னது சத்தியமான வார்த்தை. அந்த வகுப்பில் லாரி கிரேன் ஓட்டிவந்த ஒரு பெரிய உடம்புக்காரர் இருந்தார். லாரிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். தரை விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வேலை முடிந்து இறங்கும்போது, மேலே நீண்டிருக்கும் கை சுழலாதபடி பிரேக்கைப் போட்டுப் பூட்டிவிட்டு வந்துவிடுவார்.

"ஏன் அண்ணே, வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போற மாதிரி பூட்டிட்டு வர்றீங்க?"

"பூட்டலேன்னா காத்துல அது பாட்டுக்குச் சுத்துமே அக்கா?"

"சுத்தட்டும். காத்து அடிக்கிற பக்கம் திரும்பிக்கிட்டாதான் அது நிக்கும். பூட்டி வெச்சா காத்து மொத்தமும் அது மேல மோதி ஆளையே சாய்ச்சுடும்."

லாரிக்காரர் இதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். இரண்டாவது வாரம் எழுதாமலே நினைவு வந்துவிட்டது.

மேல்வீட்டுக்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை. காற்று, எடை, தூரம், ஆட்டம் என்று மேலே உள்ளது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு முட்டையைக் கட்டிக் கொடுத்தால் பத்தாவது மாடியில் உடையாமல் வைப்பார். கண்ணால் பார்த்தே எடை சொல்வார், சொன்னால் இருபது கிலோ கூடக் குறைய இருக்காது. வகுப்பில் மற்றவர்கள் டீச்சரிடம் கேட்கக் கூச்சப்படுவதையெல்லாம் டீ இடைவேளையில் அவரிடம்தான் கேட்டார்கள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். வாத்தியாரம்மா புருஷன் எப்படியிருப்பார் என்பதற்குப் பழமொழி எதுவும் இல்லாததால், அவர் நிச்சயம் முதலாவதாகத் தேறுவார் என்று எல்லோரும் நம்பினார்கள். எல்லோரையும்விட அவர் அதிகம் நம்பினார்.

அவருக்கு இந்த அட்டை கட்டாயம் வேண்டும். அவருடைய கம்பெனி நின்ற இடத்தில் நிற்கும் பழைய கிரேன்களை விற்றுவிட்டு, ஓடிவரும் கிரேன் இரண்டை வாங்கியிருந்தது. ஆபரேட்டர்கள் மூன்று பேர். மாதக் கடைசிக்குள் யார் அட்டையோடு வருகிறார்களோ அவர்கள் கிரேனில் ஏறலாம். வராதவருக்கு ஸ்டோர் ரூமில் ஆணி, கம்பி எண்ணிக்கொடுக்கிற வேலை. ஒருவர் ஏற்கெனவே வேறெங்கோ அட்டை வாங்கிவிட்டார். மிச்சம் இருந்தது ஓர் இடம். இருபத்துநாலு வருஷம் ஆகாயத்தில் இருந்த மனுஷனை ஜன்னல் இல்லாத அறையில் உட்காரவைத்தால் ஆறு மாதத்தில் நோயாளி ஆகிவிடுவார் என்று சிக்னல் அக்காவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் வாரக் கடைசியில் நடக்கும் சோதனைக்கு அவள் ஒரு சூது வைத்திருப்பாள். மைதானத்தில் எங்காவது ஓர் இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, மண்ணை இறுக்காமல் போட்டு மூடி, மேலே சாதாரணத் தரை போல நிரவிவிடுவாள். சைட்டில் பைப் போட்டு மூடின பள்ளம் இப்படித்தான் இருக்கும். ஆபரேட்டர் லாரியை நிறுத்துவதற்கு முன்னால் நடந்து பார்க்க வேண்டும், விசாரிக்க வேண்டும், கம்பியைக் குத்திப் பார்க்க வேண்டும். பார்க்காதவரின் கிரேன் கால் நேராக அதில் போய் உட்காரும். உட்கார்ந்தவுடன் அவள் நிறுத்திவிடுவாள், கோபுரத்தை எழுப்ப விடமாட்டாள்.

லாரிக்காரர் கம்பியோடு அரைமணி நேரம் சுற்றி, குழியைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றிச் சுண்ணாம்பில் வட்டமே போட்டுவிட்டார். அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! முதல் பத்துப் பேரும் முடித்தபிறகு சாயங்காலம் புதுக் குழி ஒன்று வெட்டப்பட்டது. மறுநாள் காலை முதல் ஆள் பதினொண்ணு.

அவர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார், மின்கம்பி எவ்வளவு தூரம் என்று பார்த்தார், எடை வைக்கக் கட்டியிருந்த இரும்பு மாடியின் விளிம்பைப் பார்த்தார். காலுக்கு அடியில் பலகையைப் போட்டார், கால்களை இறக்கினார், மட்டம் பார்த்தார். தரையை மட்டும் பார்க்கவில்லை. கம்பி லாரியின் பக்கவாட்டில் சாத்தினபடியே இருந்தது.

சிக்னல் அக்கா கையை நீட்டினாள். அவர் உடனே நின்றார். அவள் நடந்து போய்ப் பின் பக்கத்து இடது காலின் அருகே கம்பியை வைத்து அழுத்தினாள். கம்பி சத்தமில்லாமல் முழங்கை அளவு இறங்கியது.

 அவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். கேலியாக இல்லை, வெள்ளையாகச் சிரித்தார்.

"அட, அது உன் வேலையில்ல?" என்றார்.

அவள் பயிற்சிப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று லாரிக்காரர் ஆறுதலாக ஏதோ சொல்லப் போக, இந்தச் சமயத்தில் அடி சறுக்குவதைப் பற்றிப் பேசாதேயப்பா என்று மற்றவர்கள் அடக்கிவிட்டார்கள்.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனுஷன், ஆனால் காகிதம் சேர்ந்துவிட்டால் உலகம் சரியாகிவிடும் என்று நம்புகிற வகை.

"பன்னெண்டு பேர்ல பதினோரு புத்தகம் வந்திருக்கு அக்கா. உங்க வீட்டுக்காரரோடது மட்டும் வரல."

"கையெழுத்துப் போடல சார்."

"இருபத்துநாலு வருஷ அனுபவம். ஒரே ஒரு தடவை தரையைப் பாக்கல, அவ்வளவுதானே? உங்க வீட்டுக்காரர்தானே, நீங்க வீட்டுலயே சொல்லிப் புரியவைக்கலாமே. ஒரு கையெழுத்து."

"என் வீட்டுக்காரருங்கறதாலதான் சார் போடல. ஊரான் புருஷனா இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்னு வெச்சுக்குங்க. ஆனா இவருக்குப் போட்டுட்டு நான் எப்படிச் சார் தூங்குவேன்?"

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. மாதக் கடைசி நாளில் தவறியவர்களுக்கு மறு சோதனை உண்டு. அதிலும் தவறினால் அடுத்த மாதம்தான், அதாவது ஸ்டோர் ரூம்தான்.

அன்று வீட்டில் நடந்ததை நான் சொல்லியாக வேண்டும். அவர் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள் இல்லை. தப்பு என்று தெரிந்தால் ஒத்துக்கொள்வார். ஆனால் என்ன தப்பு என்றே அவருக்கு விளங்கவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு, கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தவளின் முதுகைப் பார்த்துப் பேசினார்.

"நீ என்னைப் பழிவாங்கறியா?"

"எதுக்குங்க பழிவாங்கணும்? நல்லாத்தானே இருக்கீங்க."

"எல்லாருக்கும் முன்னாடி நிறுத்தின."

"கால் குழிக்குள்ள இருந்துச்சு."

"இத்தனை வருஷத்துல என் கிரேன் ஒருநாளாவது ஆடியிருக்கா? நீயே சொல்லு. சைட்டுல எத்தனை நாள் நீ கையைக் காட்டி 'இந்தப் பக்கம் வேணாம், மண்ணு சரியில்ல, அந்தப் பக்கம் இறக்குங்க'ன்னு சொல்லியிருக்க. ஒருநாளாவது ஏன்னு கேட்டிருப்பனா? நீ சொன்னா சரின்னு திருப்பிடுவேன். நான் எதுக்குக் கீழ பாக்கணும்? கீழ நீ இருக்கியே!"

கரண்டி நின்றுவிட்டது. மேஜையில் படித்துக்கொண்டிருந்த மகள்கூடத் தலையைத் தூக்கினாள்.

சிக்னல் அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. மற்ற டவர் கிரேன்காரர்கள் தரையைப் பார்க்காததற்குக் காரணம் கான்கிரீட் அடித்தளம். இன்ஜினியர் போட்டுக்கொடுத்ததன் மேல் ஏறிப் பழகியவர்கள் அவர்கள். இவர் பார்க்காததற்குக் காரணம் அவளேதான். பதினாறு வருஷம் கீழே நின்று, அவர் பார்க்க வேண்டியதையெல்லாம் அவளே பார்த்து, அவருடைய கண்ணில் பாதியை அவளே வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் போனபிறகு வேறு யார் யாரோ வந்து கை காட்டினார்கள். அவர் அப்போதும் கீழே அவள் நிற்பதாகவே நினைத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இப்படி ஒரு மனுஷன் நம்மை நம்பினால் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? அவளுக்கு இரண்டும் சேர்ந்தே வந்தது.

"நான் அங்க இருக்க மாட்டேனேங்க" என்றாள். "அந்தக் கிரேன் தினம் ஒரு சைட்டுக்குப் போகும். எந்த ஊர் மண்ணோ, யார் மூடின பள்ளமோ. நான் இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள். அவர் முன்னறைக்குப் போய்விட்டார். அன்று அந்த வீட்டில் சாப்பிட்ட மூன்று பேரும் தட்டைத்தான் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் நாலு நாள் சரியாகப் பேசவில்லை. கோபத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் பாத்திரங்களையெல்லாம் தானே எடுத்துச் சத்தமாகக் கழுவினார். அப்படிப்பட்ட கோபம் இன்னும் நாலு வீட்டில் வந்தால் பரவாயில்லை. ஐந்தாம் நாள் மகள் அவரோடு கடைக்குப் போய்விட்டு வந்து அம்மாவிடம் ரகசியமாகப் புகார் செய்தாள்.

"அப்பாகூட இனிமே ரோட்டுல நடக்க முடியாதும்மா. மூடி போட்ட சாக்கடை ஒண்ணு விடாம நின்னு மிதிச்சுப் பாக்கறாரு. பழக்கடைக்காரர்கிட்ட, 'இங்க எப்ப பைப் போட்டாங்க?'ன்னு விசாரிக்கறாரு. அந்த ஆள் பழத்தைக் கையில வெச்சுக்கிட்டு முழிக்கறாரு."

"கம்பி எடுத்துட்டுப் போனாரா?"

"குடையால குத்தறாரும்மா!"

அம்மாவும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முன்னறையில் செய்தித்தாள் ஒன்று வேண்டுமென்றே பெரிதாகச் சரசரத்தது.

மாதக் கடைசி நாள் வந்தது. மறு சோதனைக்கு அவர் ஒருவர்தான். முதல் நாள் சாயங்காலம் இன்னொரு பயிற்சியாளர்தான் குழி வெட்டினார். அக்கா தெரிந்துகொள்ளவே விரும்பவில்லை. லாரிக்காரர் தன் புது அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கை உதவிக்கு என்று சொல்லி வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அக்கா மைதானத்தின் ஓரத்தில் வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றாள். மேல்வீட்டுக்காரர் லாரியில் ஏறப் போனவர், திரும்பி அவளிடம் வந்தார்.

"நீ உள்ள போ."

"ஏன்?"

"நீ நின்னா நான் பாக்க மாட்டேன்" என்றார். கோபமில்லை. நிஜத்தைத்தான் சொன்னார்.

அவள் வகுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால்கூட அவருக்குத் தெரிந்துவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. நின்றது. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. மறுபடி லாரி நகர்ந்தது, நின்றது. நல்லது, குழியைப் பார்த்துவிட்டு இடம் மாற்றுகிறார் என்று நினைத்தாள். இனிமேல் கால்கள் இறங்கும் சத்தம் வர வேண்டும், அதற்குப் பிறகு கோபுரம் எழும் சத்தம். வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். ஐம்பது நிமிஷம். மகளிடமிருந்து 'என்னாச்சு?' என்று செய்தி வந்தது. அவள் பதில் எழுத ஆரம்பித்து அழித்தாள். ஒருமணி பத்து நிமிஷம். மேனேஜரின் குரல் உயர்ந்தது மட்டும் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு லாரிக்காரர் வந்து நின்றார்.

"அக்கா, அண்ணன் கிரேனை ஏத்த மாட்டேங்கறாரு."

"குழியைப் பாத்தாரா இல்லையா?"

"அதைப் பாத்து வட்டம் போட்டுட்டாரு. அப்புறம் லாரியைத் திருப்பி, நீங்க எப்பவும் செஞ்சு காட்டுவீங்கள்ல, அந்த நல்ல இடத்துல கொண்டுவந்து நிறுத்தினாரு. இப்ப அங்கயும் வேணாம்கறாரு. மேனேஜர் எவ்வளவோ சொல்லிட்டாரு, கேக்கல."

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. குடையால் குத்திக் குத்தி இந்த மனுஷனுக்குப் பயம் பிடித்துவிட்டதா? பயந்தவனுக்கும் அட்டை கிடையாதே. இன்னும் மூன்று மணி நேரத்தில் அலுவலகத்தை மூடிவிடுவார்கள். ஆறு வருஷமாக அவள் கிரேனை நிறுத்திக் காட்டுகிற இடம், இருநூறு பேர் பழகிய இடம், அதைப் போய் வேண்டாம் என்கிறாரே! செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே ஓடினாள்.

அவர் லாரியின் முன்பக்கம் தரையில் மண்டியிட்டுக் குனிந்திருந்தார். பக்கத்தில் மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நீங்களே சொல்லுங்க அக்கா. இது நம்ம நல்ல இடம்தானே? வழக்கமா நிக்கிற இடம்தானே?"

"ஏங்க, என்ன இது?" என்றாள் அவள். வகுப்பு, மைதானம் எல்லாம் மறந்துபோய் 'ஏங்க' வாயில் வந்துவிட்டது.

அவர் நிமிராமலே கம்பியை எடுத்து, வலது முன்கால் ஊன்ற வேண்டிய இடத்தில் வைத்து அழுத்தினார். விரல் அளவு கெட்டித் தரை. அதற்குப் பிறகு கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது, பாதிக்கு மேல் போய்விட்டது. வெளியே இழுத்தபோது நுனியிலிருந்து சேறு சொட்டியது. துளையில் மெதுவாகத் தண்ணீர் ஊறியது.

"குழாயடிக்குப் போற பைப் உள்ள உடைஞ்சிருக்கு" என்றார். "மேல காஞ்சு கெட்டியாத்தான் தெரியுது. அந்த ஓரத்துல மட்டும் புல்லு பச்சையா இருந்துச்சு, அதான் சந்தேகம். கீழ நீ இல்லையா, அதனால நானே பாத்தேன்."

சிக்னல் அக்கா அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லா மூலைக்கும் போய்ப் பொய்க்குழி வெட்டியவள். எல்லாருடைய கம்பியும் எத்தனை விரல் இறங்குகிறது என்று கணக்கு வைத்தவள். தான் தினமும் கிரேனை நிறுத்துகிற இடத்தில் மட்டும் ஆறு வருஷமாகக் கம்பியை வைத்ததில்லை. விளக்கடியில்தான் இருட்டு. போன வாரம்கூடப் பன்னிரண்டு பேர் இங்கே வரிசையாக நின்றார்கள், மேலே ஒன்றரை டன் தொங்கியது. பைப் எப்போது உடைந்ததோ, மண் இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்குமோ, யாருக்கும் தெரியாது. நாளைக்கே சாய்ந்திருக்கலாம், சாயாமலும் இருந்திருக்கலாம்.  ஈரத் தரை என்றும் பார்க்காமல் அவர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பாக்கலையேங்க" என்றாள்.

"சரி விடு. இப்ப பாத்தாச்சுல்ல." அவர் சேற்றுக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் புறங்கையால் அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

மேனேஜர் உடனே தண்ணீரை நிறுத்தச் சொல்லி ஆளை அனுப்பினார். நல்ல மனுஷன் என்று முன்னமே சொன்னேன். லாரிக்காரர் தன் பெரிய உடம்போடு ஓடி ஓடிப் பலகைகளைச் சுமந்தார். லாரியை மைதானத்தின் அடுத்த கோடிக்குக் கொண்டுபோய், அங்கேயும் அவர் நாலு காலுக்கும் கம்பி வைத்துப் பார்த்து, கோபுரத்தை எழுப்பி, எடையைத் தூக்கி மாடியில் வைத்து இறக்கி முடித்தபோது மணி நாலே கால். இன்னொரு பயிற்சியாளர் சோதனைத் தாளில் கையெழுத்திட்டார். பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சிக்னல் அக்கா கையெழுத்திட்டாள். பேனா வழுக்கி எழுத்து கோணிவிட்டது. மேனேஜர் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "சரி, நீங்கதான் போட்டீங்கன்னு நான் சாட்சி" என்று முத்திரை குத்தினார்.

திங்கட்கிழமை அவர் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார். எந்த சைட், எந்தத் தெரு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மண் எப்படி என்று கேட்கத் தோன்றும், அதைக் கேட்டால் வேறு பத்து விஷயம் வாயில் வரும். உதட்டைக் கடித்துக்கொண்டு சாப்பாட்டுத் தூக்கை மட்டும் நீட்டினாள்.

அன்று அவளுக்குப் புது வகுப்பு. பதினாலு பேர். பைப் மாற்ற வெட்டின பள்ளம் இன்னும் திறந்தே கிடந்தது. அவர்களை அதைச் சுற்றி நிற்கவைத்து, "இந்த இடத்துல ஆறு வருஷம் நிறுத்தினது யாரு தெரியுமா? நான்தான்" என்று ஆரம்பித்திருந்தாள். அப்போது கைபேசி அடித்தது. வகுப்பு நேரத்தில் அவள் எடுக்க மாட்டாள், பேரைப் பார்த்ததும் எடுத்துவிட்டாள். பின்னணியில் லாரி உறுமும் சத்தம், யார் யாரோ கத்தும் சத்தம்.

"கால் ஊனியாச்சு" என்றார் அவர். "ஏத்தப் போறேன்."

"என்கிட்ட எதுக்குங்க கேக்கறீங்க?"

"கேக்கல, சொல்றேன். நாலு காலும் பாத்துட்டேன்."

 இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவருக்குக் கீழே நிற்க அவள் தேவையில்லை. அவளுக்கு வேண்டியதும் அதுதான். அப்படியிருந்தும் பதினாலு பேர் பார்க்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஏறுங்க" என்றாள்.